வரம்பு கடந்த கடனும் அதன்மேல் விழும் கட்டணமும்

கிரெடிட் கார்டின் மாதக் கணக்கை ஊன்றிப் படிக்கிற வழக்கம் நம்மில் அநேகருக்கு இல்லை. கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அப்படி மூடி வைக்கிற கணக்கின் உட்பக்கத்தில், சூப்பர் மார்க்கெட்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் கொடுத்த தொகைகளின் நடுவே, ‘ஓவர்லிமிட் சார்ஜ்’ என்று ஒரு வரியும், அதை அடுத்து அதற்குரிய ஜி.எஸ்.டி. என்று இன்னொரு வரியும் சில மாதங்களில் தோன்றுவதுண்டு. வங்கி அனுமதித்த கடன் வரம்பை மீறிச் செலவு செய்ததற்கான கட்டணம் அது. தொகை சில நூறு ரூபாய்தான் என்பதால் பலர் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்கிறவர்களும், ‘வரம்பை மீறியது நீங்கள்தானே’ என்ற பதிலைக் கேட்டதும் வாயடைத்துப்போகிறார்கள். ஆயினும், வரம்பை வகுத்ததும் வங்கியாய், ஒவ்வொரு செலவையும் அது நடக்கும் முன்பே பார்த்து அனுமதி தருவதும் அதே வங்கியாய் இருக்கையில், மீறியவர் யார், மீற விட்டவர் யார், அதற்கு விலை வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது, வைத்தால் எவ்வளவு வைக்கலாம் என்ற கேள்விகள் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடக் கூடியவை அல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சட்ட மன்றங்களும் நீதி மன்றங்களும் பல ஆண்டுகள் இந்த விஷயத்தில் ஈடுபட்டிருக்கின்றன. நமது ரிசர்வ் வங்கியும் 2022-ஆம் ஆண்டில் இதற்குப் பாதித் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. மறு பாதி இன்னும் வழங்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டுப் பெரிய வங்கிகளின் கட்டண அட்டவணைகளைப் புரட்டினால், வரம்பை மீறிய தொகையில் 2.5 சதவீதம், ஆனால் குறைந்தபட்சம் 500 அல்லது 600 ரூபாய் என்ற வாசகமே சிற்சில மாறுதல்களுடன் திரும்பத் திரும்ப வரக் காண்கிறோம். 2.5 சதவீதம் என்பது கண்ணுக்கு அடக்கமான விகிதந்தான். ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள ஒருவர், 97,000 ரூபாய் ஏற்கெனவே செலவாகியிருக்கும் நிலையில், 4,000 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டு தேய்க்கும் இயந்திரம் எந்த ஆட்சேபமும் சொல்லாமல் சீட்டைத் துப்பிவிடுகிறது. வரம்பு 1,000 ரூபாய் மீறப்பட்டது. அதில் 2.5 சதவீதம் 25 ரூபாய். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 600 ரூபாய் என்றால் 600 ரூபாயே விழும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 108 ரூபாய், ஆக 708 ரூபாய். ஆயிரம் ரூபாயைச் சில நாட்கள் கூடுதலாகப் பயன்படுத்தியதற்கு எழுநூற்றுச் சொச்சம். அந்த 2.5 சதவீதம் என்ற விகிதம் உயிர்பெற்று 600 ரூபாயை எட்ட வேண்டுமானால் அவர் 24,000 ரூபாய் மீறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே மீறுகிற அத்தனை பேருக்கும் அட்டவணையிலுள்ள சதவீதம் வெறும் அலங்காரமே.

விஷயம் அதோடு நிற்பதில்லை. கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும்போது, நிலுவையில் 5 சதவீதம் என்ற வழக்கமான பங்கோடு, வரம்பை மீறிய தொகை முழுவதையும் பல வங்கிகள் சேர்த்துவிடுகின்றன. மாதந்தோறும் ஏறக்குறைய 5,000 ரூபாய் கட்டிப் பழகியவர், பழக்க தோஷத்தில் இந்த மாதமும் அதையே கட்டினால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டாதவர் ஆகிறார். தாமதக் கட்டணம் என்ற அடுத்த வரி அடுத்த மாதக் கணக்கில் ஏறுகிறது. நிலுவையின்மேல் மாதம் 3.5 சதவீதம் போல, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் போல, வட்டியும் ஓடுகிறது. ஒரு கட்டணம் இன்னொரு கட்டணத்துக்கு வாசல் திறந்து விடுகிற இந்த ஏற்பாட்டை அறியாமல், முதற்கட்டணத்தின் அளவை மட்டும் பார்த்து ‘போகட்டும்’ என்று விடுகிறவர்கள் அதிகமாகவே இழக்கிறார்கள்.

இந்தக் கட்டணத்துக்கு ஆதியில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1958-ஆம் ஆண்டில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியா மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரவாசிகள் 60,000 பேருக்குத் தானாகவே கார்டுகளைத் தபாலில் அனுப்பிய காலத்தில், ஒவ்வொருவருக்கும் 300 முதல் 500 டாலர் வரை வரம்பு வைத்திருந்தது. ஆனால் அந்த வரம்பை அந்தந்தக் கணத்தில் காவல் காக்க அதனிடம் கருவி எதுவும் இல்லை. கடைக்காரர் இன்ன தொகை வரைக்கும் வங்கியைக் கேளாமலே விற்கலாம். அதற்கு மேற்பட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு அனுமதி பெற வேண்டும். கார்பன் தாள் வைத்து அழுத்தி எடுத்த சீட்டுகள் வங்கிக்குப் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். நாலு கடைகளில் சிறு சிறு தொகைகளாக வாங்கி வரம்பைத் தாண்டிவிட்ட ஒருவரைப் பற்றி வங்கிக்குப் பின்னால்தான் தெரியவரும். தன் கணக்கைத் தானே அறிந்தவர் கார்டுதாரர் ஒருவரே. ஆகையால் மீறலுக்கு அவரைப் பொறுப்பாளியாக்கி அபராதம் விதிப்பதில் ஒரு தர்க்கம் இருந்தது.

அந்தத் தர்க்கத்தின் அடித்தளம் 1973-லேயே ஆட்டங்கண்டுவிட்டது. பிற்காலத்தில் விசா என்று பெயர் பெற்ற ஸ்தாபனம் அவ்வருஷம் மின்னணு முறையில் அனுமதி வழங்கும் ‘பேஸ்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. அதிலிருந்து படிப்படியாக, கடையில் கார்டு தேய்க்கப்படும் ஒவ்வொரு தடவையும் வங்கியின் கணிப்பொறி கேள்வி கேட்கப்பட்டு, சில விநாடிகளில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை சொல்லும் நிலை வந்துவிட்டது. ‘ஆம்’ என்று சொன்ன கணத்தில் வரம்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று வங்கிக்கு முற்றும் தெரியும். கடைவாசலில் நிற்கிற வாடிக்கையாளருக்கோ பெரும்பாலும் தெரியாது. பாக்கி மிஞ்சிவிட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சி, அந்த நோட்டைப் பார்த்தபடியே அரிசியை அளந்து கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் ‘மிஞ்சிய பிறகு வாங்கினீர்கள், அபராதம் கொடுங்கள்’ என்று கேட்டால் யாரும் ஒப்ப மாட்டார்கள். வங்கி கேட்கும்போது மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

வரம்பு மீறப்படுகிற வழிகளைச் சற்று கிட்ட நின்று பார்த்தால், வாடிக்கையாளரின் ஊதாரித்தனத்தைக் காட்டிலும் கணக்கு முறையின் நெளிவு சுளிவுகளே பல சந்தர்ப்பங்களில் காரணமாயிருப்பது புலப்படும். ஹோட்டலில் அறை எடுக்கும்போது, பின்னால் வரக்கூடிய செலவுகளுக்காக ஒரு தொகையைக் கார்டில் தடுத்து நிறுத்திவைக்கிறார்கள். அறையைக் காலி செய்து பணம் கொடுத்த பிறகும் அந்தத் தடை நீங்கச் சில நாட்கள் ஆகும். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய பொருளுக்கு அனுமதி தந்த அன்று ஒரு மாற்று விகிதமும், கணக்கில் ஏறுகிற அன்று இன்னொரு விகிதமும் இருக்கக்கூடும். திரும்பக் கொடுத்த பொருளுக்கான பணம் கடைக்காரரிடமிருந்து வந்துசேரத் தாமதமாகலாம். எல்லாவற்றிலும் விசித்திரமானது, வங்கி தானே விதிக்கிற வருஷச் சந்தாவும் வட்டியும் கணக்கில் ஏறி, அவற்றின் சுமையாலேயே வரம்பு தாண்டிப்போவது. கனடா அரசாங்கம் இவற்றில் ஒன்றைக் கவனித்து, 2010-ஆம் ஆண்டு முதல், வியாபாரிகள் நிறுத்திவைத்த தொகையின் காரணமாக மட்டும் வரம்பு மீறப்பட்டால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாதென்று விதி செய்தது. சிறிய விதிதான், ஆனால் ஹோட்டல் வரவேற்பு மேஜையில் நடப்பதை நேரில் பார்த்த யாரோ எழுதியது போன்ற விதி.

அமெரிக்காவில் இக்கட்டணம் வளர்ந்த விதமும் ஒடுங்கிய விதமும் தனிக் கவனத்துக்கு உரியவை. 1996-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாமதக் கட்டணம் முதலியவற்றை வட்டியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்ற அரசாங்க விளக்கத்தை ஸ்மைலி என்பவர் சிட்டிபேங்க் மேல் தொடுத்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதன் பலனாக, எந்த மாநிலத்தில் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறதோ அங்கே தலைமையகத்தை வைத்துக்கொண்டு, அம்மாநிலச் சட்டப்படி நாடெங்கும் உள்ள வாடிக்கையாளர்களிடம் கட்டணம் வசூலிக்க வங்கிகளுக்கு வழி பிறந்தது. 1995-இல் சராசரியாக ஏறத்தாழ 13 டாலராக இருந்த வரம்பு மீறல் கட்டணம் 2005-இல் ஏறத்தாழ 30 டாலருக்கு உயர்ந்துவிட்டதென்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2006-இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு முறை மீறிய தொகை அடைபடாமலிருந்தால் மாதா மாதம் அதே குற்றத்துக்கு அதே அபராதம் விழுந்துகொண்டிருந்ததும் உண்டு.

2009 மே 22 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட கிரெடிட் கார்டு சட்டம் இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது. வரம்பு மீறிய செலவை அனுமதித்து அதற்குக் கட்டணமும் வாங்க வேண்டுமானால், வாடிக்கையாளர் முன்கூட்டித் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். வங்கியின் சொந்தக் கட்டணங்களாலும் வட்டியாலும் மட்டும் வரம்பு தாண்டியிருந்தால் அபராதம் கிடையாது. ஒரு கணக்குக் காலத்துக்கு ஒரு கட்டணத்துக்கு மேல் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டணம் எக்காரணத்தாலும் மீறிய தொகையைவிட அதிகமாயிருக்கக் கூடாதென்ற விதியும் 2010 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பத்து டாலர் மீறியவரிடம் பத்து டாலருக்கு மேல் வாங்க முடியாது. இதன் விளைவு எதிர்பார்த்ததையும் மிஞ்சியது: சம்மதம் கேட்டுக் கடிதம் எழுதுவதைவிடக் கட்டணத்தையே கைவிடுவது மேலென்று பெரிய வங்கிகளும் கார்டு கம்பெனிகளும் முடிவு செய்தன. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் வட்டியை ஏற்றிவிடுவார்கள், ஏழைகளுக்குக் கடன் கிடைக்காமல் போகும் என்றெல்லாம் எச்சரித்தவர்கள் உண்டு. சுமித் அகர்வால் முதலிய நான்கு பொருளாதார அறிஞர்கள் கோடிக்கணக்கான கார்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சட்டத்தின் கட்டணக் கட்டுப்பாடுகள் மக்களுக்கு ஆண்டுதோறும் 1,190 கோடி டாலர் மிச்சப்படுத்தின என்றும், வட்டி உயர்ந்ததற்கோ கடன் சுருங்கியதற்கோ சான்று கிடைக்கவில்லை என்றும் கண்டார்கள். இவ்விஷயத்தில் நமக்குக் கிடைத்துள்ள அனுபவ ஆதாரங்களில் இதைவிடப் பலமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இங்கிலாந்து வேறு பாதையில் சென்றது. அங்கே நியாய வர்த்தக அலுவலகம் 2006 ஏப்ரலில், தாமதத்துக்கும் வரம்பு மீறலுக்கும் கார்டு கம்பெனிகள் வாங்கும் கட்டணம் 12 பவுனுக்கு மேற்பட்டால் அதை அநியாயமானதென்று கருதித் தலையிடுவோம் என்று அறிவித்தது; அதற்கு முன் 20, 25 பவுன் வாங்கியவர்கள் 12-க்கு இறங்கினார்கள். ஆனால் மூன்றாண்டுகள் கழித்து, வங்கிக் கணக்கில் அனுமதியில்லாமல் மிகைப்பற்று எடுத்ததற்கான கட்டணங்களைப் பற்றிய வழக்கில், அவை வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, ஆகையால் அந்த விலை நியாயமா என்று, நுகர்வோர் ஒப்பந்தங்களில் அநியாய நிபந்தனைகளைத் தடுக்கும் விதிகளின் கீழ் ஆராய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபராதம் என்றால் சட்டம் அளந்து பார்க்கும். விலை என்றால் சட்டம் ஒதுங்கி நிற்கும். இந்த வேறுபாடே பிரச்னையின் உயிர்நிலை. ஆஸ்திரேலியா 2012 ஜூலை முதல், கார்டுதாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பு மீறல் கட்டணம் கூடாதென்று சட்டம் செய்ததோடு நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா முதல் கார்டை வெளியிட்ட போது வசதியுள்ள சிலரின் கைப்பொருளாயிருந்த கிரெடிட் கார்டு, 2024-இல் 10 கோடி எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. முதல் சம்பளம் வாங்குகிற இளைஞன் கையிலும் இன்று ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட தலைமை நெறிமுறைகளில், அனுமதித்த வரம்பு கார்டுதாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எந்தக் கணத்திலும் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வங்கிகள்மேலேயே சுமத்தியது. வங்கிகள் அவகாசம் கேட்டதால் இந்த விதி 2022 அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடலாகாது என்ற விதியும் அதே நாளில் வந்தது. இவை பெரிய சீர்திருத்தங்கள். ரிசர்வ் வங்கியை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் சம்மதம் பெறப்படும் விதம் எப்படியிருக்கிறது? பிற்பகல் வேளையில் தொலைபேசியில் அழைக்கும் ஒரு குரல், ‘சார், உங்கள் கார்டுக்கு எமர்ஜென்சி சமயத்தில் கூடுதல் வசதி கொடுக்கிறோம், எஸ் சொன்னால் போதும்’ என்கிறது. வசதி என்பது காதில் விழுகிறது, கட்டணம் என்பது வேகமாக ஓடிப்போகிறது. விண்ணப்பத்தின் பத்து சம்மதக் கட்டங்களுள் ஒன்றாக இது நுழைக்கப்படுவதும் உண்டு. சம்மதம் என்றால், எதற்குச் சம்மதிக்கிறோம், அதற்கு எவ்வளவு விலை என்ற இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அப்படிச் சொல்லப்படாத சம்மதத்தைச் சட்டம் எப்படிக் கருதினாலும் நான் சம்மதமாகக் கருத மாட்டேன்.

ஆகையால், கட்டணம் விழுந்தவர் முதலில் வங்கியிடம் கேட்க வேண்டியது தள்ளுபடி அன்று, சம்மதத்தின் ஆதாரம். எந்தத் தேதியில், எந்த வழியில் நான் இதற்கு ஒப்புக்கொண்டேன், அதன் பதிவைக் காட்டுங்கள் என்று எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்; பில்லை ஆட்சேபிக்கும் கார்டுதாரருக்கு அதிகபட்சம் 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆவண ஆதாரமும் தர வேண்டுமென்பது அதே நெறிமுறைகளில் உள்ள கட்டளை. கஸ்டமர் கேரில் பேசுவதோடு நிறுத்தாமல் மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், 2021-இல் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி செலவில்லாமல் முறையிடலாம். புகார் நடந்துகொண்டிருக்கும்போது ஆட்சேபமில்லாத தொகையைக் கட்டாமல் நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் தாமதக் கட்டணம் விதிக்கவும் சிபில் போன்ற ஸ்தாபனங்களுக்கு அறிவிக்கவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. வங்கிச் செயலியில் ஓவர்லிமிட் வசதியை அணைத்து வைக்கும் பொத்தான் இருந்தால், அதை இன்றே அணைப்பது நல்லது. கல்யாணம், ஆஸ்பத்திரி என்று பெருஞ்செலவு முன்னே தெரிந்தால், தாற்காலிகமாக வரம்பை உயர்த்தித் தரும்படி கேட்கலாம். அல்லது இருக்கிற நிலுவையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டி இடம் செய்துகொள்ளலாம். மனிதர் தவறாமல் பணம் கட்டுகிறவராயிருந்து, மீறல் முதல் தடவையாகவும் இருந்தால், பணிவாகக் கேட்டாலே பல வங்கிகள் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன என்பதும் அனுபவத்தில் கண்டது.

வங்கிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு; அதைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முன்பணம் கேட்டு நிற்கிறார்கள். கார்டில் ஐந்நூறு ரூபாய் குறைகிறது. இயந்திரம் மறுத்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? அங்கே 600 ரூபாய் கட்டணம் கொடுத்தாவது காரியம் நடப்பதையே யாரும் விரும்புவார்கள். மீறிய கடனுக்கு ஈடும் இல்லை, முன் ஆராய்ச்சியும் இல்லை. ஆகவே வங்கியின் அபாயமும் சற்று அதிகந்தான். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அபாயம் மீறிய தொகையின் அளவோடு கூடிக் குறைய வேண்டியது; ஐந்நூறு ரூபாய்க்கும் இருபதாயிரம் ரூபாய்க்கும் ஒரே 600 ரூபாய் விதிக்கிற குறைந்தபட்சக் கட்டணம் அபாயத்தை அளக்கவில்லை. அதிலும், நெருக்கடியில் சிறு தொகை மீறுகிறவனே விகிதப்படி அதிகமாகத் தண்டிக்கப்படுகிறான். ஆஸ்பத்திரியில் நிற்கிறவனைக் காட்டி நியாயப்படுத்துகிற கட்டணம் அவன்மேலேயே மிகக் கடுமையாக விழுவதை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது?

ஒப்பந்த மீறலுக்கு முன்கூட்டித் தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகையை மேல்வரம்பாகக் கொண்டு நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 74-ஆம் பிரிவில் சொல்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய அந்தக் கொள்கை கார்டு விஷயத்தில் நமக்கு உதவுவது சந்தேகமே. வாடிக்கையாளர் சம்மதித்த மாத்திரத்தில் மீறல் மீறலாக இல்லாமல் வசதியாகிவிடுகிறது, அபராதம் விலையாகிவிடுகிறது, இங்கிலாந்து நீதிபதிகள் நின்ற இடத்தில் நாமும் போய் நிற்கிறோம். வட்டி 30 சதவீதத்துக்கு மேற்பட்டால் அநியாய வர்த்தகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறியதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இந்த விஷயங்கள் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று வைத்துவிட்டது. எனவே பரிகாரம் ரிசர்வ் வங்கியிடமிருந்தே வர வேண்டும்.

அதற்கு அந்த வங்கி புதிதாக யோசிக்க வேண்டியதும் இல்லை. 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், கடன் நிபந்தனைகளை மீறியதற்கான அபராதக் கட்டணங்கள் நியாயமானவையாயும் மீறலின் அளவுக்குத் தக்கவையாயும் இருக்க வேண்டும், அவற்றை வருமானம் பெருக்கும் கருவியாக்கக் கூடாது என்று அது சொல்லிவிட்டது. வீட்டுக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் அது பொருந்துகிறது. கிரெடிட் கார்டுகளுக்குத் தனி நெறிமுறைகள் இருக்கின்றன என்ற காரணத்தால் அவற்றை அச்சுற்றறிக்கை விலக்கி வைத்தது. அந்தத் தனி நெறிமுறைகளில் சம்மதத்தைப் பற்றிய வாசகத்தை அடுத்து இன்னும் இரண்டு வாசகங்கள் சேர வேண்டும்: கட்டணம் மீறிய தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேற்படலாகாது, குறைந்தபட்சம் என்ற பெயரில் அதைத் தாண்டவும் கூடாது என்பது ஒன்று, வங்கியின் சொந்தக் கட்டணமோ, வட்டியோ, வியாபாரி நிறுத்திவைத்த தொகையோ வரம்பைத் தாண்டச் செய்த இடத்தில் கட்டணமே கிடையாது என்பது மற்றொன்று. முதல் வாசகம் எழுதப்பட்டால் மிக்ஸி வாங்கியவர் கொடுக்க வேண்டியது, 2.5 சதவீதத்தின்படி 25 ரூபாயும் அதற்கு வரியாக நாலரை ரூபாயுமே.